மின்சாரக் கார் வாங்குமுன்

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பிற ஊர்க் குழந்தைகள் சுவரிலுள்ள சுவிட்சைக் காட்டுவார்கள். நெய்வேலிக் குழந்தைகளோ வானளாவி நிற்கும் புகைபோக்கிகளைக் காட்டுவார்கள். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் கலந்த நீர் வெளிப்பட்டது. அதிலிருந்து தொடங்கிய வரலாறு 1956-இல் ஒரு நிறுவனமாயிற்று, 1957-இல் சுரங்கமாயிற்று, அன்றைய சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. சுரங்கத்தில் மண்ணை அகழும் இராட்சத எந்திரங்களும், கிலோமீட்டர்க் கணக்கில் நீளும் சுமைப்பட்டைகளும் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. ஆதலின், மின்சாரத்தால் ஓடும் வாகனம் என்பது நமக்கு வியப்புக்குரிய செய்தியன்று.

ஆயினும், அந்த வாகனம் வீட்டு வாசலுக்கு வருகையில் வினாக்கள் பல எழுகின்றன. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று உரையாடும் குடும்பத் தலைவர்களிடையே, "அடுத்த வண்டி பெட்ரோலா, மின்சாரமா?" என்னும் பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டுமென்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கற்பிக்கிறார். கார் வாங்க விரும்புகிறவர்க்கும் அவ்வறிவுரை பொருந்தும். பணம், வசதி, புகை, மனிதர் எனக் கணக்குகள் நான்கு உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திருச்சபை காட்டும் திசை

2015-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், பூமியை நம் பொது இல்லம் என அழைத்தது. நிலக்கரி, எண்ணெய் போன்ற எரிபொருள்களுக்குப் பதிலாக மாசற்ற ஆற்றலுக்குப் படிப்படியாக, ஆனால் காலந்தாழ்த்தாது மாற வேண்டுமென்று வலியுறுத்தியது. வெறும் அறிவுரையோடு நின்றுவிடாமல், 2030-க்குள் தன் வாகனங்களையெல்லாம் மின்சார வாகனங்களாக மாற்றும் திட்டத்தை 2023 நவம்பரில் வத்திக்கான் அறிவித்தது. 2024 டிசம்பரில் திருத்தந்தை மக்களைச் சந்திக்கப் பயன்படுத்தும் திறந்த வாகனமும் மின்சார வண்டியாக வந்து சேர்ந்தது.

திசை நல்ல திசையே. ஆனால் வத்திக்கான் நகரின் பரப்பு அரைச் சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது. நம் குடும்பங்களோ சென்னை மருத்துவமனைக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் செல்ல வேண்டியவை. ஆகவே, நம் நிலைமைக்கு ஏற்ப ஆராய்ந்து முடிவெடுப்பதே அறிவுடைமை.

பணக் கணக்கு

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 ரூபாய் 65 காசு செலவாகும். அதே அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 யூனிட் கொள்ளும். யூனிட் 9 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 35 காசுதான் ஆகும். மிச்சம் 5 ரூபாய் 30 காசு.

இத்துடன் மகிழ்ந்து நின்றுவிடலாகாது. மின்சாரக் காருக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு மட்டுமே என்றாலும், அதன் விலை ஒத்த பெட்ரோல் காரினும் மிகுதி. அந்த மிகுதி 3 லட்சம் ரூபாய் என வைத்துக்கொண்டால், சுமார் 56,000 கிலோமீட்டர் ஓடிய பின்னரே அது ஈடாகும். மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ ஏழு ஆண்டு. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவர்க்கு மூன்று ஆண்டுக்குள். பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு ஆண்டு உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. ஆகவே, மிகுதியாக ஓடும் வண்டிக்கே மின்சாரம் இலாபம் தரும். ஞாயிறன்று மட்டும் வெளியே எடுக்கப்படும் வண்டிக்கு அன்று.

மற்றொன்றும் கவனத்திற்குரியது. மின்வாரிய இணைப்புள்ள வீடுகளில் பயன்பாடு உயர உயரக் கட்டண விகிதமும் உயர்கின்றது. மாதம் 700 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் 210 யூனிட் கேட்கும். ஏற்கெனவே 400 யூனிட் செலவிடும் வீடு அதனால் 600-ஐத் தாண்டிவிடும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 500-க்கு மேற்பட்ட யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல்.

வசதிக் கணக்கு

பெட்ரோல் நிரப்ப ஐந்து நிமிடம் போதும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக்கிலோ மணிக்கு 3 யூனிட் அளவே ஏறும். 30 யூனிட் பேட்டரி நிறையப் பத்து மணி நேரம் வேண்டும். இரவு முழுதும் வண்டி வீட்டருகே நிற்குமானால் இது குறையன்று. ஆனால் நகரியக் குடியிருப்பு நமக்குச் சொந்தமான வீடன்று. பணி ஓய்வு பெறும் நாளில் விட்டுச் செல்ல வேண்டியது. அதில் தனிக் கம்பி இழுக்கவும் கூடுதல் மின்சுமை சேர்க்கவும் முன் அனுமதி பெறுதலே முறை. மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் சன்னல் வழியே கம்பியைத் தொங்கவிட்டுக் கீழே நிற்கும் வண்டிக்கு மின்னேற்றுவது பெருந்தீங்கு விளைக்கக்கூடும். நல்ல நில இணைப்பும் தகுந்த மின்தடுப்புக் கருவியும் இல்லாத பிளக்கில் இரவெல்லாம் மின்னேற்றுதலும் அத்தகையதே.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் மின்னேறிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்த செய்தி தமிழகத்தையே கலங்கச் செய்தது. அதன்பின் பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. எனினும், விதிகள் நம் வீட்டுக் காவலர் அல்ல. படுக்கையறையிலும் வெளியேறும் வாயிலருகிலும் மின்னேற்றலாகாது. வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சற்று ஆறவிட்டே பிளக்கில் இணைக்க வேண்டும். வண்டியோடு வந்த கருவியையே பயன்படுத்த வேண்டும். இம்மூன்றையும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போமாக.

நெடும்பயணத்திற்கும் திட்டம் வேண்டும். நெய்வேலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வேளாங்கண்ணி ஏறத்தாழ 150. விளம்பரத்தில் 300 கிலோமீட்டர் எனச் சொல்லப்படும் வண்டி, ஐவரையும் மூட்டைகளையும் ஏற்றிக் குளிர்சாதனத்தை இயக்கிக்கொண்டு விரைந்தால் 200 அல்லது 220-ஐயே எட்டலாம். வேளாங்கண்ணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்; மின்னேற்றாமல் திரும்ப இயலாது. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் திருவிழாக் காலத்தில், விரைவு மின்னேற்றும் இடங்களில் காத்திருக்கவும் நேரும். தங்கும் விடுதியில் பிளக் வசதி உண்டா என முன்னரே கேட்டறிதலும், வழியில் இரண்டு நிலையங்களையேனும் குறித்துக்கொள்ளுதலும் நலம். ஒன்று பழுதுற்றிருந்தால் மற்றது உதவும்.

கடலூர் மாவட்டத்தார்க்குப் புயல் புதியதன்று. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலுக்குப் பின் பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயல் வெள்ளத்தைக் கொணர்ந்தது. புயல் அறிவிப்பு வந்தவுடன் வண்டியை முழுமையாக மின்னேற்றி மேட்டுநிலத்தில் நிறுத்திவிட வேண்டும். வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தேர்ந்த பணியாளர் பார்க்குமுன் பிளக்கில் இணைத்தல் கூடாது.

புகைக் கணக்கு

மின்சாரக் காருக்குப் புகைக் குழாய் இல்லை. நம் தெருவும், வாகனத்தின் பின்னே சைக்கிளில் வரும் மாணவனின் மூச்சும் அந்த அளவுக்குத் தூய்மை பெறுகின்றன. இது மெய்யான நன்மை. ஆனால் புகை முற்றும் ஒழிந்ததா, இடம் மாறியதா என்று வினவும் கடமை நெய்வேலியாருக்கு எவரினும் மிகுதியாக உண்டு.

ஒரு யூனிட் மின்சாரம் விளைவிக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகின்றது. ஆதலின், அதனை மட்டுமே நம்பி ஓடும் மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் செல்லச் சுமார் 15 கிலோ நிலக்கரி செலவாகும். அதனால் எழும் கரியமில வாயு 18 முதல் 20 கிலோ வரை இருக்கலாம். அதே தொலைவுக்குப் பெட்ரோல் காரின் குழாயிலிருந்து எழுவது ஏறத்தாழ 15 கிலோ. பெட்ரோலைத் தோண்டியெடுத்துச் சுத்திகரிக்க எழும் புகை இதில் சேரவில்லை. என்றாலும், பழுப்பு நிலக்கரியால் மட்டுமே ஓடும் மின்சாரக் கார் பூமிக்குப் பெரும் உதவி செய்வதாகச் சொல்ல இயலாது.

நற்பேறாக, நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரே அடுப்பில் விளைந்ததன்று. முப்பந்தல் காற்றாலைகளும், கூடங்குளம் அணுமின் நிலையமும், மேட்டூர் அணையும், கமுதிச் சூரிய மின் நிலையமும் அதே மின்தொடரில் கலக்கின்றன. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சூரிய மின்திட்டம் இயங்குகின்றது. நாடு முழுமைக்கும் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு எழுகின்றது. அக்கணக்கில் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 கிலோ, பெட்ரோலினும் குறைவு. கூரைமேல் சூரியத் தகடு வைத்து அதனால் மின்னேற்றினாலோ, ஓட்டத்தில் எழும் வாயு இல்லையென்றே சொல்லலாம். ஒரே காரின் பயன் அதற்கு ஊட்டப்படும் மின்சாரத்தைப் பொறுத்து இவ்வாறு மூன்று வகையாகின்றது.

3 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். மாதம் 700 கிலோமீட்டருக்கு வேண்டிய 105 யூனிட்டைத் தந்த பின்னும் வீட்டுக்கு மிஞ்சும். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டத்தில் இவ்வளவு தகட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. ஓய்வுக்காலத்துக்கென வடலூரிலோ பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ வீடு கட்டுவோர், காரை நினைக்குமுன் கூரையை நினைத்தல் நன்று.

மனிதர் கணக்கு

ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டியுள்ளது. அந்த மண் யாரோ ஒருவர் உழுத நிலம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரினூடே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த அழுகுரலை இம்மாவட்டம் மறக்கவில்லை. நிலம் தந்தோரின் பிள்ளைகள் இன்னும் வேலைக்கும் உரிய ஈட்டுக்கும் குரல் எழுப்பி வருகின்றனர்.

மறுபுறம், அதே நிலக்கரியே நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு தருகின்றது. 1962-இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. அதனிடத்தை 1,000 மெகாவாட் புதிய நிலையம் ஏற்றது. 2070-க்குள் கரியமில வாயுக் கணக்கை நிகரச் சுழியமாக்குவதாக இந்தியா 2021-இல் உலகிற்கு வாக்களித்தது. ஆகவே, இன்று பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் பணியாற்றும் காலத்தில் இந்நகரம் இன்றுள்ளவாறு இராது. ஒப்பந்தத் தொழிலாளரும், பெட்ரோல் எந்திரத்தை மட்டுமே அறிந்த தெருவோர மெக்கானிக்கும் இம்மாற்றத்தின் அடியை முதலில் தாங்குவர். எண்ணெய் மாற்றுதலும், கார்புரேட்டர் துடைத்தலும் மின்சார வண்டிக்கு வேண்டாதவை. பேட்டரியும் மின்னணுப் பலகையும் அறிந்தவர்க்கே இனி வேலை. நம் தொழிற்பயிற்சி நிலையங்களும், பங்கு இளைஞர் இயக்கங்களும் இப்பயிற்சியை இன்றே தொடங்கினால், ஒரு தலைமுறையின் பிழைப்பைக் காக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வேண்டாத ஓட்டத்தைக் குறைப்போம். நகரியத்தின் வீதிகள் அகன்றவை, மேடுபள்ளம் அற்றவை, மரநிழல் மிக்கவை. ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டத்திலுள்ள ஆலயத்திற்கு நடந்தோ சைக்கிளிலோ வர இயன்றவர்க்கு எந்தக் காரும் வேண்டியதில்லை. முதியோரை அண்டை வீட்டார் தம் வண்டியில் அழைத்து வருதல் அன்பும் ஆகும், சிக்கனமும் ஆகும்.

இரண்டாவது, மாற்றத்தை ஸ்கூட்டரில் தொடங்குவோம். நகரியத்துக்குள் பணிக்கும் பள்ளிக்கும் கடைக்கும் செல்ல அதுவே போதும். விலையும் கைக்கு எட்டியது. மின்செலவும் மிகச் சிறிது.

மூன்றாவது, கார் வாங்குவதாயின் கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து, மாத ஓட்டம் எவ்வளவு, பிளக் எங்கே, அனுமதி உண்டா, கூரையில் வெயில் உண்டா என எழுதிப் பார்ப்போம். விடை சாதகமாயின் மின்சாரக் காரைத் தயங்காமல் வாங்கலாம். இல்லையேல், உள்ள பெட்ரோல் வண்டியை நன்கு பேணி இன்னும் சில ஆண்டு ஓட்டுவதும் பொறுப்புள்ள செயலே. அண்டை வீட்டான் வாங்கினான் என்பதற்காகக் கடன்பட்டு வாங்குவது மட்டும் எக்கணக்கிலும் சேராது.

நான்காவது, மாலைக் குடும்பச் செபத்தில் விளக்கேற்றும்போதும், இரவில் வண்டியைப் பிளக்கில் இணைக்கும்போதும், சுரங்கத்தில் உழைப்போரையும் நிலம் இழந்தோரையும் நினைந்து மன்றாடுவோம். அவர்களுக்கு நீதி கிடைக்க நம் குரலையும் சேர்ப்போம். நெய்வேலியில் வாழும் கிறிஸ்தவக் குடும்பம் இக்கடமையிலிருந்து விலகி நிற்றல் இயலாது.