பகடை துகில் இரவும் காயின் ஆசையும்

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் பக்கத்து ஊர்களில் பங்குனி பிறந்துவிட்டால் திரௌபதி அம்மன் கோயில்களில் கொடி ஏறத் தொடங்கும். அதிலிருந்து ஆடி வரைக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏதாவது ஓர் ஊரில் பாரதம் நடந்துகொண்டேதான் இருக்கும். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து, முடிவில் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. அந்த வரிசையில் ஓர் இரவு ‘பகடை துகில்’. தருமன் ஆடிய சூதும் திரௌபதி சபைக்கு இழுத்து வரப்படுவதும் ஒரே ராத்திரியில் நடக்கும்.

கிரிப்டோவில் வீட்டைத் தொலைத்த குடும்பங்களைப் பற்றி யாராவது ஒரு மேடை நாடகம் போடக்கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூத்துதான் நினைவுக்கு வருகிறது. ஆசை, குடும்பம், பணயம் மூன்றும் இதைவிடத் துல்லியமாகப் பின்னிய நாடகம் தமிழில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கதையை மேலோட்டமாகச் சொல்பவர்கள் பகடையிலிருந்து தொடங்குவார்கள். கூத்து வாத்தியார்கள் அப்படிச் செய்வதில்லை. முதலில் துரியோதனன் வர வேண்டும். இரண்டு பேர் துணித்திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குமேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். முகவீணை ஏறும், மிருதங்கம் அதைத் துரத்தும். திரை விலகினால் புஜக்கட்டையும் மார்புக்கட்டையும் பெட்ரோமாக்ஸ் காலத்தில் மின்னியதுபோலவே இன்றைய டியூப் லைட்டிலும் மின்னும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கட்டைகள் அவை. பார்க்கத்தான் பாரம், தூக்கினால் லேசு. அந்த உருவம் ஆடுகளமான களரியைக் கிறுகிறுவென்று சுற்றி வந்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் கேட்கக் கேட்கத் தன் பெருமையைச் சொல்லும். நாடு இருக்கிறது, படை இருக்கிறது, தொண்ணூற்றொன்பது தம்பிகள் இருக்கிறார்கள். ஒரு குறையும் இல்லாதவனுக்கு என்னதான் வேண்டும்? பங்காளி இந்திரப்பிரஸ்தத்தில் ராஜசூய யாகம் நடத்திவிட்டான். அதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த இடம்தான் முக்கியம். காயின் மோகத்தில் விழுந்தவர்களை வெறும் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் பலரை உள்ளே இழுத்தது பசி அல்ல, கூடப் பிறந்தவரும் பக்கத்து வீட்டுக்காரரும் மேலே ஏறியதைப் பார்த்த வலி. பௌர்ணமி கூட்டம் பெருகப் பெருக, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி நிலம் வைத்திருந்தவர்களின் வாழ்க்கை மாறியதை அண்ணாமலையார் ஊர் கண்ணெதிரே பார்த்தது. நிலம் இல்லாதவனுக்கும் வேகமாக ஏற ஒரு வழி உண்டு என்று ஒருவர் வந்து சொன்னால், அது காதில் விழத்தான் செய்யும்.

சொல்ல வருகிறவர் யார் என்பதையும் கூத்து சரியாகக் காட்டுகிறது. சகுனி வெளியாள் இல்லை, தாய்மாமன். தருமனைச் சூதாடக் கூப்பிடும் அழைப்பை எடுத்துக்கொண்டு போகிறவர் விதுரர், சித்தப்பா முறை. விதுரருக்கு இது கேடு என்று தெரியும், தெரிந்தும் போகிறார். விருந்துக்கென்று புதிதாக ஒரு மண்டபமே கட்டுகிறார்கள். நம் ஊர்களில் ‘ஐடி போடுங்க, கீழே ரெண்டு பேரைச் சேர்த்துவிடுங்க’ என்று வந்தவர்களும் மச்சானும் சகலையும் கூடப் படித்தவனும்தான். மண்டபத்துக்கும் குறைவில்லை. கோவையை மையமாகக் கொண்டு நடந்த ஒரு கிரிப்டோ நிறுவனம் சினிமா நட்சத்திரங்களை அழைத்துத் திறப்பு விழா நடத்தியது, மாமல்லபுரம் நட்சத்திர ஹோட்டலில் நிகழ்ச்சி வைத்தது. பிறகு பணத்தை இழந்தவர்கள் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசின் வாசலுக்குப் போனார்கள்.

இதற்கு முன்னோடி காயின் இல்லாமலேயே நடந்தது. ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியதை ஆரணிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி என்ற பேச்சை நம்பி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டிருந்தார்கள். வசூலான தொகை 2,438 கோடி ரூபாய் என்றது போலீஸ். அந்தக் காயம் ஆறுவதற்குள் அதே வாக்குறுதி வாலட், டோக்கன், பிளாக்செயின் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டு செல்போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்லா கிரிப்டோவும் மோசடி என்று நான் சொல்லவில்லை. பிட்காயின் 2009 முதல் இயங்கிவருகிறது. அதன் விலை 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, அடுத்த நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே விழுந்தது, பிறகு லட்சம் டாலரையும் தாண்டியது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் காசு உள்ளவர் தெரிந்து இறங்கலாம். முறையான சந்தையிலும் ஆபத்து உண்டு: 2024 ஜூலை 18-ஆம் தேதி வாசிர்எக்ஸ் கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் நடந்த ஊடுருவலில் பறிபோனது 23 கோடி டாலருக்கும் மேல். ஆனால் ஊர்ப்பக்கம் விற்கப்படுவது பெரும்பாலும் இந்தச் சந்தையே இல்லை. நடத்துகிறவன் விலை என்று எழுதுவதுதான் விலை, அடுத்த ஆள் கொண்டுவரும் பணம்தான் லாபம்.

அந்தப் பகடை எப்படி உருளுகிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் ஐயாயிரம் போடச் சொல்வார்கள். பத்தே நாளில் ஆறாயிரமாகத் திரும்பி வரும், உண்மையாகவே வங்கிக் கணக்குக்கு வரும். அடுத்து ஐம்பதாயிரம், லட்சம். திரையில் தொகை பெருகிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் முப்பது சதவீத வரியை முதலில் கட்டு, அப்போதுதான் விட்ட்ரா ஆகும் என்பார்கள். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்து, ஆரம்பத்தில் கிடைக்கும் வெற்றிக்குத் தூண்டில் முள்ளை மீன் விழுங்குவதை உவமை சொன்னார். அந்த ஆறாயிரம்தான் தூண்டில் முள்.

வரி என்ற பெயர் எடுபடுவதற்கும் காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்மையிலேயே உண்டு. அதே ஆண்டு ஜூலை முதல் பரிமாற்றத்துக்கு 1 சதவீதப் பிடித்தமும் உண்டு. ‘அரசாங்கமே வரி போட்டுவிட்டது, அப்புறம் என்ன பயம்’ என்று ஆள் சேர்ப்பவர்கள் சொல்வதற்கு இது வசதியாகப் போயிற்று. வரி வசூலிப்பது வேறு, உத்தரவாதம் தருவது வேறு. சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோவை ஒருவர் உடைமையாக வைத்திருக்கத்தக்க சொத்து என்று சொன்னதும் முதலீட்டாளரின் உரிமையைக் காப்பதற்காகத்தான். எந்தக் காயினுக்கும் அது நற்சான்று ஆகாது.

மறுபடி களரிக்கு வருவோம். நகை, தேர், யானை, நாடு என்று போய், தம்பிகள் போய், தன்னையும் தோற்ற பிறகு தருமன் திரௌபதியை வைக்கிறான். துச்சாதனன் வேஷக்காரர் அவளை இழுக்க வேண்டிய நேரம். கூத்து அங்கே நின்றுவிடும். அவர் வேஷத்தை விட்டு வெளியே வந்து, அம்மனைக் கும்பிட்டு, இது கதைக்காகச் செய்வது, குற்றமாகக் கொள்ளாதே தாயே என்று பாடி மன்னிப்புக் கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பெண்களும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண் வேஷம் கட்டியவர் ஓர் ஆண் என்பது ஊருக்கே தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் அவரை எல்லோரும் அம்மனாகத்தான் கும்பிடுகிறார்கள். நடிக்கும்போதே ஆவேசம் வந்து மயங்கிவிடுகிறவர்களும் உண்டு.

அப்போது அவள் கேட்கும் கேள்வி சட்டக் கேள்வி. தன்னைத் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர் இருக்கிறார், துரோணர் இருக்கிறார், ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்க வேண்டிய பெண்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுவில் அவர்கள் பெயரில் எடுத்த கடன், அடகுக் கடையில் இருக்கும் அவர்கள் நகை, தறிக்குப் பாவு வாங்க வைத்திருந்த தொகை எல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் வாலட்டுக்குப் போயிருக்கும். பணம் போன பிறகு வீட்டில் முதலில் வருவது அழுகை அல்ல, மௌனம். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்று அந்தப் பெண்ணையே வாய் மூடச் சொல்கிறார்கள். சபையில் பெரியவர்கள் காத்த மௌனம் இதுதான், எனக்குக் கோபம் வருவதும் இதன் மேல்தான்.

வியாசரின் பாரதத்தில் இன்னொன்று வருகிறது. திருதராஷ்டிரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிய பிறகும் தருமன் கூப்பிட்டதும் இரண்டாம் முறை ஆட வந்து உட்காருகிறான். அந்த ஆட்டத்தில் போனதுதான் பதின்மூன்று வருஷம். ‘விட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்’ என்று இழந்தவர்களையே மறுபடி தேடிவரும் கும்பல்களுக்கு இந்த மனம் நன்றாகத் தெரியும்.

பழைய கதை புதிய விஷயத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் வேண்டாம். செய்யாறு பக்கத்துப் புரிசையில் நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த பாதிப்பு நாடகாசிரியர் ந.முத்துசாமியைக் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழு வரைக்கும் கொண்டுபோனது. கண்ணப்பத் தம்பிரான் வழிவந்த புரிசைக் குழுவினர் கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையே கூத்தாக ஆடியவர்கள். அவர்களால் கொலம்பியக் கதையைச் செய்யாற்று மண்ணில் நிறுத்த முடிந்தால், காயின் கதை எந்த மூலைக்கு? கட்டியக்காரனுக்கு எந்தக் காலத்து விஷயத்தையும் கதைக்கு நடுவே பேச உரிமை உண்டு. ரேஷன் கடையிலிருந்து தேர்தல் வரை அவன் பேசாதது இல்லை.

அதனால் வரும் பங்குனியில் கூத்து ஜமாவுக்குத் தாம்பூலம் வைக்கப் போகும் விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். பகடை துகில் இரவில், சகுனி வரவுக்கு முன் கட்டியக்காரனுக்குக் கால் மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள். ஐடி போடச் சொல்லி வரும் மாமனைப் பற்றி அவன் தன் பாணியில் பேசட்டும். பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் அது கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு என்பதையும், வெட்கப்பட்டு நாள் கடத்தினால் அந்த வாய்ப்பு போய்விடும் என்பதையும் கூட்டத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்து அவன் சொல்லட்டும்.