மனம் திறக்கும் வேளை

நுழையும்முன்

உடல் நோயுற்றால் மருத்துவரை நாடத் தயங்காத நாம், மனம் சோர்வுற்றால் அதனைப் பிறர் அறியாமல் மறைக்கவே முயல்கிறோம். உளவியல் ஆலோசகரின் அறையில் என்ன நிகழும் என்பதை அறியாமை இத்தயக்கத்திற்கு ஒரு பெருங்காரணமாகும். அவ்வறையில் நிகழ்வனவற்றை முன்கூட்டியே எடுத்துரைத்து, அச்சத்தை அகற்ற முனைகிறது இக்கட்டுரை.

கேட்டலின் ஆற்றல்

சங்க அகப்பாடல்கள் காட்டும் தலைவி, காதல் நோயால் உடல் மெலிகிறாள். அவள் மேனியில் பசலை படர்கிறது. காரணம் அறியாத தாய், மகளை முருகன் வருத்தினான் எனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். ஆயினும், மெலிவு தீர்வதில்லை. உண்மைக் காரணத்தை அறிந்தவள் தோழி. ஏனெனில், தலைவி மனம்விட்டுப் பேசியது அவளிடம்தான். வருத்தத்தின் வேரை அறிய வேண்டுமாயின், வருந்துபவரைப் பேசவிட்டுக் கேட்க வேண்டும் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

இவ்வாறு கேட்பதை முறையாகப் பயின்று, தம் தொழிலாகக் கொண்டவரே உளவியல் ஆலோசகர். அவருக்கும் நண்பருக்கும் வேறுபாடு உண்டு. நண்பர் நம் பக்கம் நின்று பேசுவார். உறவினர் குடும்பத்தின் நலம் நோக்கிப் பேசுவார். நாம் எடுக்கும் முடிவால் ஆலோசகருக்கு இலாபமோ இழப்போ இல்லை. ஆதலால், நாம் சொல்வதைப் பதற்றமின்றி முழுமையாகக் கேட்க அவரால் இயலும்.

ஏளனமும் உண்மையும்

நம் நாட்டில் ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரையே கேலிச்சொல்லாக வழங்குவோர் உளர். சென்னையில் 1794ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மனநலக் காப்பகத்தின் வழிவந்த அரசு மனநல மருத்துவமனை அங்கு இயங்குகிறது. இன்று அங்கே புறநோயாளிகளாக வந்து, மருந்து பெற்று, வீடு திரும்பித் தம் பணிகளைத் தொடர்வோர் பலர். ஒரு மருத்துவமனையின் பெயரை வசைமொழியாக மாற்றிவிட்டால், உதவி தேவைப்படும் ஒருவர் அதன் வாயிலை மிதிக்க அஞ்சுவார். விளையாட்டாகச் சொல்லும் சொல்லும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தடுத்துவிடக்கூடும்.

யாரை நாடுவது?

மனநலத் துறையில் பணியாற்றுவோர் பலதிறத்தினர். மனநல மருத்துவர், மருத்துவப் பட்டம் பெற்றபின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித்தரும் தகுதியுடையவர். மருத்துவ உளவியலாளர், உளவியலில் உயர்கல்வி பெற்று, உளவியல் சோதனைகளும் உரையாடல்வழிச் சிகிச்சையும் மேற்கொள்பவர். ஆலோசகர், உளவியல் அல்லது சமூகப்பணி பயின்று, ஆலோசனை வழங்குவதில் பயிற்சி பெற்றவர். ஒருவரிடம் செல்லுமுன் அவரது கல்வித்தகுதியையும் பயிற்சியையும் கேட்டறிதல் தவறன்று. அது நம் உரிமை. தேவைப்படின், ஒருவர் மற்றவரிடம் நம்மை அனுப்பி வைப்பார். அதனை நோய் முற்றியதன் அறிகுறி என எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். அதில் வினாக்களே மிகுதி. உறக்கம் எப்படி, பசி எடுக்கிறதா, எப்போதிலிருந்து இந்த வருத்தம், வீட்டில் யார் யார் உள்ளனர், முன்பு ஏதேனும் நோய்க்கு மருந்து உட்கொண்டது உண்டா என ஆலோசகர் வினவுவார், சிலவற்றைக் குறித்துக்கொள்வார். “உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதேனும் வந்ததுண்டா?” என்றும் நேரடியாகக் கேட்கக்கூடும். இவ்வினாவைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. இது பலரிடமும் வழக்கமாகக் கேட்கப்படுவது. இதற்கு உண்மையான விடையளித்தால், தக்க பாதுகாப்பை உடனே பெறலாம்.

அனைத்தையும் முதல் நாளே கூறிவிட வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. “தெரியவில்லை”, “இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்” என்பனவும் ஏற்கத்தக்க விடைகளே. பேசும்போது அழுகை வரலாம். சொற்கள் வராமல் மௌனமும் நிலவலாம். இரண்டும் அவ்வறைக்குப் புதியன அல்ல.

இரகசியமும் அதன் எல்லையும்

“நான் கூறுவது என் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடுமோ?” என்பதே மாணவர் பலரின் முதல் ஐயம். மனநலச் சிகிச்சை பெறுவோர் பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உரிமையாகவே வழங்கியுள்ளது. எனினும், அவ்வுரிமைக்கு எல்லைகள் உண்டு. ஒருவரின் உயிருக்கோ, பிறர் உயிருக்கோ ஆபத்து நேரும் நிலையில், காப்பதற்குத் தேவையான அளவு செய்தியை ஆலோசகர் உரியவரிடம் தெரிவிப்பார். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றி அறியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாதோருக்கு முறையான சிகிச்சை தொடங்கப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அதற்காக அறையில் பேசிய ஒவ்வொரு சொல்லும் வீட்டிற்குச் செல்லும் என்பது பொருளன்று. “பெற்றோரிடம் எவற்றைக் கூறுவீர்கள்? எவற்றைக் கூறமாட்டீர்கள்?” என முதல் நாளே கேட்டுத் தெளிவு பெறுதல் நன்று.

அறிவுரையும் ஆலோசனையும்

பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழி அறிவியல் பிரிவில் சேர்ந்த மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். முதல் இடைத்தேர்வில் இயற்பியலில் தோல்வியடைகிறாள். அதன்பின் உறக்கம் குறைகிறது. தேர்வு நாள்தோறும் காலையில் வயிறு வலிக்கிறது. “நன்றாகப் படி, எல்லாம் சரியாகிவிடும்” என்கிறார் அத்தை. “கைப்பேசியைத் தொடாதே” என்கிறார் அண்ணன். “எனக்கு எதுவுமே வராது” என்னும் எண்ணமோ அவளைவிட்டு அகலவில்லை.

ஆலோசகர் அவளிடம் கேட்கும் வினா வேறு. “எதுவுமே வராது என்கிறாயே அம்மா, எந்தெந்தப் பாடம் வரவில்லை?” அவள் எண்ணிப் பார்க்கிறாள். தமிழிலும் உயிரியலிலும் நல்ல மதிப்பெண். கணக்கு ஓரளவு வருகிறது. இயற்பியலிலும் கணக்கீடு வருகிறது; ஆங்கிலத்தில் உள்ள வினாவின் பொருள்தான் விளங்கவில்லை. ‘எதுவுமே வராது’ என்னும் மலை, ‘வினாவின் மொழி புரியவில்லை’ என்னும் கல்லாகச் சிறுக்கிறது. கல்லை நகர்த்தும் வழியை இருவரும் சேர்ந்து தேடலாம்.

இவ்வாறு எண்ணங்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் முறையை 1960களில் வளர்த்தவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக். எழுந்த எண்ணத்தையும் அதற்கான சூழலையும் குறிப்பேட்டில் எழுதிவருமாறு வீட்டுப்பாடம் தருவதும் இம்முறையில் உண்டு. அவருக்கு முன்னரே, மற்றோர் அமெரிக்க உளவியலாளரான கார்ல் ரோஜர்ஸ், வந்தவரை எடைபோடாமல் ஏற்றல், அவர் உணர்வை அவர் நிலையில் நின்று உணர்தல், போலித்தன்மையின்றி இருத்தல் ஆகியவற்றை ஆலோசகரின் அடிப்படைப் பண்புகளாக வலியுறுத்தினார். எந்தப் பாடப்பிரிவில் தொடர்வது, யாரிடம் மனம்விட்டுப் பேசுவது என்பன போன்ற முடிவுகளை ஆலோசகர் நமக்காக எடுப்பதில்லை. நாமே தெளிந்து முடிவெடுக்கத் துணைநிற்கிறார்.

மாற்றம் எப்போது?

ஒரே சந்திப்பில் துயர் முழுதும் நீங்கும் என எதிர்பார்த்தல் கூடாது. பல நாள் மூடிவைத்ததைத் திறப்பதால், தொடக்கத்தில் மனம் மேலும் கனப்பதுபோலத் தோன்றலாம். பொதுவாக வாரம் ஒருமுறை எனச் சந்திப்புகள் அமையும்; எத்தனை சந்திப்புகள் என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. சில வாரங்களுக்குப்பின், “எந்த அளவு முன்னேறியுள்ளோம்?” என ஆலோசகரிடமே கேட்கலாம். அவர் அணுகுமுறை பொருந்தவில்லையெனில், அதனை வெளிப்படையாகக் கூறலாம். வேறொருவரை நாடவும் செய்யலாம். ஆலோசகர் மீது கொள்ளும் நம்பிக்கை சிகிச்சையின் பயனைப் பெரிதும் தீர்மானிப்பதால், இவ்வாறு கூறுவதை நன்றிகெட்ட செயலாகக் கருத வேண்டியதில்லை.

தெரியுமா?

1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை வழங்கப்படுகிறது. 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், ‘டெலிமனஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையை இந்திய அரசு தொடங்கியது. 14416 என்னும் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

முதல் சொல்

ஆலோசகரிடம் எப்படித் தொடங்குவது எனத் தெரியாமல் திகைப்போர் பலர். அழகிய தொடர்கள் தேவையில்லை. “எனக்குச் சில நாளாக மனம் சரியில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை” என்னும் அளவே போதும். அங்கிருந்து வழிநடத்துவது ஆலோசகரின் பணி. நம் நண்பர் ஒருவர் இச்சொற்களை நம்மிடம் கூறினால், கேலி செய்யாமல் கேட்டு, தக்கவரிடம் அழைத்துச் சென்று வாயில்வரை உடன் நிற்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. அறிவுரை கூறல், ஆலோசனை வழங்கல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் எழுதுக.

2. மனநலம் தொடர்பாகப் பேச்சுவழக்கில் உள்ள ஏளனச் சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மாற்றாக மதிப்புமிக்க சொற்களை வகுப்பில் கலந்துரையாடி உருவாக்குக.