சத்திரத்துப் படிகளும் சக்கர நாற்காலியும்

மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் நாற்பது ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்ததெல்லாம் மூட்டை, எடை, பாக்கி இந்த மூன்றைத்தான். வாசலில் எத்தனை படி இருக்கிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு வைகாசி முகூர்த்தம் ஒன்று அதையும் எண்ண வைத்தது.

வேடசந்தூர்ப் பக்கத்துச் சில்லறை மளிகைக்காரர் ஒருவர் எங்கள் மண்டிக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர். வயதில் நம்மைவிட மூத்தவர். நாம் அவரை அண்ணாச்சி என்போம், அவர் நம்மைத் தம்பி என்பார். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடிப் பருப்பை அள்ளி முகர்ந்து பார்க்காமல் அவர் ஒரு மூட்டை எடுத்ததில்லை. கடனை ஒரு தவணைகூடத் தள்ளிப் போட்டதும் இல்லை. சர்க்கரை வியாதியில் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றக் காலிலும் பலம் இல்லை. கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணாச்சி சக்கர நாற்காலியில் இருக்கிறார்.

அவருடைய தங்கை பேரனுக்குக் கல்யாணம். நடந்த இடம், பழைய சாலையோரம் நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கும் ஒரு சத்திரம். பெயர் வேண்டாம், அதன் அறங்காவலர்களில் நாமும் ஒருவர் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். முதல் நாள் சாயங்காலம் கார் வந்து நின்றது. வாசலில் மூன்று கருங்கல் படி. நம் லோடுமேன்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, நூறு கிலோ மூட்டைக்கு உள்ள கூலியைக் குடுத்திருவியா?" என்றார். நாமும் சிரித்தோம். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்ததும் அவருக்குத் தலை சுற்றியது. மோர் கொடுத்து உட்கார வைத்தோம். பந்தியில் உட்காராமலே புறப்பட்டுப் போய்விட்டார். அவருடைய வீட்டம்மா நம் வீட்டில் சொல்லித்தான் பிறகு சங்கதி தெரிந்தது. சத்திரத்துக் குளியலறைக் கதவு இரண்டடி அகலம், நாற்காலி நுழையாது. கழிவறையோ பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டிய பழைய மாதிரி. ராத்திரி யாரையாவது எழுப்பித் தூக்கச் சொல்ல வேண்டுமே என்று, முதல் நாள் மத்தியானத்திலிருந்தே மனிதர் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். சர்க்கரை உள்ளவர், வைகாசி வெயில். தண்ணீர்ப் பந்தல் வைத்து வழிப்போக்கர் தாகம் தீர்த்த சத்திரம் என்று ஆண்டு விழாவில் நாம் பெருமையாகப் பேசுகிற அதே சத்திரத்தில்.

சத்திரம் கட்டிய முன்னோர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. மழைத் தண்ணீர் ஏறக்கூடாது, பூச்சி பொட்டு நுழையக்கூடாது என்று தளத்தை உயர்த்தினார்கள். நம் பழைய மண்டிகளின் உயரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாட்டு வண்டியின் பலகை உயரத்துக்குத் திண்ணை இருந்தால் மூட்டையைக் குனியாமல் முதுகில் வாங்கலாம். தராசு தூக்கிய காலத்து வியாபாரிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சத்திரம் என்றாலே நம் பக்கத்தில் ராணி மங்கம்மாள் பெயர்தான் முதலில் வரும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரை நாட்டை நிர்வகித்த அந்த அம்மையாரின் பெயரில் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் சத்திரம் நிற்கிறது. தஞ்சைப் பக்கம் போனால் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் ஏற்படுத்திய முத்தாம்பாள் சத்திரம். அந்த மன்னர் 1801இல் ஆங்கில அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், தம் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு மட்டுமல்ல, நோயோடு வந்தவருக்கு மருந்து, குழந்தைக்குப் பால், கர்ப்பிணிக்குப் பராமரிப்பு எல்லாம் உண்டு என்று விவரமாகச் சொல்லியிருக்கிறார். நடக்க முடியாதவரும் சத்திரத்துக்கு வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். தூக்கிவிட ஆளும் அன்று எப்போதும் இருந்தது.

தூக்குவது என்றதும் கொடைக்கானல் நினைவுக்கு வருகிறது. 1875இல் ரயில் பாதை திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வந்தபிறகு, வெள்ளைக்காரத் துரைமார்கள் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைரோடு நிலையத்தில், இறங்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம். அதன்மேல் குதிரை உண்டு, இல்லாவிட்டால் நாற்காலி. நம்மூர் ஆட்கள் தோளில் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். காலும் கையும் திடமாக இருந்த துரைகளுக்கு அத்தனை ஏற்பாடு நடந்தது. 1910களில் மலைச்சாலை போட்டபிறகுதான் சுமப்பது நின்றது.

பழனியை எடுத்துக்கொள்ளுங்கள். அறுநூற்றுச் சொச்சம் படி ஏற முடியாதவர்களுக்காக 1966இல் விஞ்ச் வந்தது, 2004இல் ரோப்கார் வந்தது. முருகன் மலைக்கே வழி பண்ணியாகிவிட்டது. ஆனால் தரிசனம் முடித்து இறங்கிவரும் அந்தப் பெரியவர் ராத்தங்கப் போகும் இடத்தின் மூன்று படியை யாராவது யோசித்தோமா?

இனிச் சட்டம். இது நம் வியாபாரிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனென்றால் இது அரசாங்க ஆபீசுக்கு மட்டும் உள்ள சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 1995இல் ஒரு சட்டம் வந்தது. அதை மாற்றி 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து, 19-4-2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் பொதுக் கட்டடம் என்பதற்குச் சொல்லியுள்ள விளக்கத்தில், பொதுமக்கள் வந்துபோகிற தனியார் கட்டடமும் அடங்கும். வியாபாரம் நடக்கிற இடமும் அடங்கும். சத்திரம், கல்யாண மண்டபம், லாட்ஜ், மளிகைக்கடை, மண்டி எதுவும் தப்பவில்லை. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. விதிகளில் உள்ள அளவுகள் வெறும் சிபாரிசு போல இருப்பது சட்டத்துக்கே முரண் என்று, ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 8-11-2024 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, கட்டாயமான விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தது. எடை அளவுச் சட்டத்துக்கு நாம் பயப்படுகிற மாதிரி இதற்கும் பயப்படும் காலம் வரத்தான் போகிறது. நாம் இதை அபராதத்துக்காக எழுதவில்லை என்றாலும், அபராதம் என்று எழுதினால்தான் நம்மவர்கள் அடுத்த வரியைப் படிப்பார்கள் என்பது அனுபவம்.

ஆனி மாத அறங்காவலர் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தோம். எதிர்பார்த்தது போலவே மூன்று ஆட்சேபணை. முதலாவது, "வருஷத்துக்கு ஒருத்தர் சக்கர நாற்காலியில் வருவார், அவருக்காகவா?" 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நடக்க முடியாதவர் ஒரு பகுதிதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சர்க்கரையில் காலை இழந்தவர், பக்கவாதம் வந்தவர், முட்டி தேய்ந்த ஆச்சிமார்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கூட்டத்தில் இருந்த ஏழு பேரில் இரண்டு பேர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத்தான் படி ஏறி வந்திருந்தோம். தவிரவும், கருப்பட்டியே வாங்கி வைக்காத கடைக்காரர், நம் கடையில் கருப்பட்டி கேட்பார் யாருமில்லை என்று சொன்னால் நாம் என்ன சொல்வோம்?

இரண்டாவது, தெருப் பக்கம் இடமில்லை என்பது. இது நியாயமான பேச்சு. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். நம் சத்திரத்து மூன்று படியும் சேர்ந்து 21 அங்குலம். அப்படியானால் 21 அடி நீளம் வேண்டும். சாக்கடையைத் தாண்டிச் சாலை நடுவில் போய் நிற்கும். நகரசபைக்காரர் மறுநாளே இடித்துவிடுவார்.

மூன்றாவது ஆட்சேபணை மனசு சம்பந்தப்பட்டது. பாட்டன் பூட்டன் வைத்த கல்லை உடைக்கலாமா, நிலைப்படியை அறுக்கலாமா, மஞ்சள் குங்குமம் வைக்கிற வாசற்படி மேல் சக்கரம் ஏறலாமா என்று. இதைக் கேட்டவர் நம் உறவினர்தான். நமக்கும் கொஞ்சம் தயக்கமாகவே இருந்தது.

2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்காகப் பாடுபட்ட ஜாவேத் அபிதி போன்றவர்கள் வற்புறுத்தியதன் பேரில், தொல்பொருள் துறையினர் குதுப்மினார், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களில் மரத்தால் சாய்தளம் போட்டார்கள். ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். குதுப்மினாருக்கு ஆகிறது நம் சத்திரத்துக்கு ஆகாதா என்று கேட்டோம்.

தெருப்பக்கச் சிக்கலை அவிழ்த்தவர் சத்திரத்துக் காவல்காரர். "முதலாளி, வண்டி வாசல் ஒண்ணு கெடக்கே" என்றார். அன்று வழிப்போக்கர்கள் வண்டியை உள்ளே விட்டு மாடு அவிழ்க்க என்று பக்கத்துச் சந்தில் ஒரு பெரிய வாசல் உண்டு. பல வருஷமாகப் பூட்டி, உள்ளே உடைந்த பெஞ்சும் பந்தல் கால்களும் அடைந்து கிடந்தன. திறந்து பார்த்தால் முற்றம் தெருவோடு சமமாக இருக்கிறது. முற்றத்திலிருந்து உள் தாழ்வாரத்துக்கு ஓர் அடி உயரம்தான். மாட்டுக்கு இருந்த வழி மனிதருக்கு ஆயிற்று.

முதலில் நம் மண்டியில் லாரிக்குப் போடும் ஆறடிப் பலகையைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம். மேஸ்திரி ஒரு பையனை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினார். பாதியில் கை நழுவி நாற்காலி பின்னால் உருண்டு வந்தது. நல்லவேளை, பையன் குதித்துவிட்டான். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதி வைத்தவர்கள் சும்மா எழுதவில்லை. பிறகு பன்னிரண்டடி நீளம், நான்கடி அகலத்தில் சிமெண்டில் போட்டோம். மேலே டைல்ஸ் ஒட்டலாம் என்றார் கொத்தனார். மழையில் வழுக்கும் என்று மறுத்து, ஈரமாக இருக்கும்போதே குறுக்கே கோடு இழுக்கச் சொன்னோம். இரு ஓரமும் மூன்றங்குலக் கட்டை, பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய். செலவு இரண்டு மூட்டை துவரம்பருப்பு விலைக்குள் அடங்கிவிட்டது.

நிலைப்படியை அறுக்கவில்லை. இருபுறமும் சரிவாகச் செதுக்கிய வேப்பங்கட்டை, நடுவில் படியின் மேலாக ஒரு பலகை. முகூர்த்தம் இல்லாத நாளில் எடுத்து வைத்துவிடலாம். ஆட்சேபணை சொன்ன உறவினரின் தாயார் வந்து பார்த்துவிட்டு, "சக்கரம் படியைத் தொடவே இல்லையே, அப்புறம் என்னடா?" என்று மகனைக் கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

சத்திரத்தை முடித்துவிட்டு மண்டிக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் நம் வாசல் கண்ணில் பட்டது. இங்கேயும் மூன்று படி. ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணாச்சி இரண்டு முறை ஆட்டோவில் வந்திருந்தார். இறங்காமலே சிட்டையைக் கொடுத்தார். பையன் காகிதப் பொட்டலத்தில் மாதிரி கொண்டுபோய்க் காட்டினான். "சரி, போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷம் அடி மூட்டை பார்த்தவர். நமக்கு அன்று உறைக்கவில்லை.

மண்டியில் சிமெண்டுக்கு இடமில்லை. இரண்டாக மடிக்கிற தகடு ஒன்று பட்டறையில் அடித்து வைத்திருக்கிறோம். தேவைப்படும்போது விரித்துப் போடுவது. உயரத்தைப் பார்த்தால் இதன் சரிவு கணக்குக்கு அதிகம்தான். ஆகவே பின்னால் ஓர் ஆள் பிடிக்காமல் ஏற்றக்கூடாது என்று பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். வாசல் தூணில், உட்கார்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு மணி. மூட்டை அடுக்கை ஒரு வரிசை உள்ளே தள்ளி, கல்லா வரை மூன்றடி வழி விட்டிருக்கிறோம். அந்த மூன்றடி பொதுவாகப் பத்து மணிக்குள் மறுபடி அடைந்துபோகிறது. அதற்காகத் தினமும் சத்தம் போட வேண்டியிருக்கிறது. சில்லறைக் கடைக்காரர்களுக்கு இவ்வளவுகூட வேண்டாம். பெரும்பாலான கடைகளில் சாக்கடை மேல் ஒரே ஒரு படிதான். ஏழு அங்குலப் படிக்கு ஏழடிப் பலகை போதும்.

புரட்டாசியில் அண்ணாச்சி வந்தார். தகட்டில் ஏறி உள்ளே வந்து, பேச்சு வார்த்தை இல்லாமல் நேரே மூட்டைக்குப் போய்க் கையை விட்டார். முகர்ந்தார். "தம்பி, இது பழசும் புதுசும் கலந்த சரக்கு. மேல ஒண்ணு அடில ஒண்ணு" என்றார். பார்த்தோம், உண்மைதான். வடக்கே கொள்முதல் செய்த இடத்துக்கு அன்றே போன் போட்டுச் சொன்னோம்.

சத்திரத்தில் இன்னும் ஒரு வேலை பாக்கி. குளியலறைக் கதவை மூன்றடியாக அகலப்படுத்தி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி இடம், மேற்கத்திய மாதிரிக் கழிவறை, சுவரில் பிடிகம்பி. அதற்கு ஒரு சுவரை இடித்தாக வேண்டும். பிளம்பர் இரண்டு முறை தேதி சொல்லி வரவில்லை. தை மாதம் அண்ணாச்சியின் சொந்தப் பேத்திக்கு அங்கேதான் கல்யாணம் நிச்சயம் ஆகியிருக்கிறது. அதற்குள் முடிக்க வேண்டும். மடிப்புத் தகட்டின் அளவு வேண்டுகிற அன்பர்கள் மண்டிக்கு நேரில் வந்தால் டேப் வைத்து அளந்துகொள்ளலாம். காலை ஒன்பது மணிக்கு முன் வருவது நல்லது, அதன் பிறகு லாரி நிற்கும்.