பதிவேட்டில் ஒரு பத்தி: ஷியா, சுன்னி பிரிவு அரசியலாவது எப்படி?

வக்ஃபு சொத்துக்களின் விவரங்களை மத்திய அரசின் 'உமீத்' தளத்தில் ஏற்றுவதற்கு, அத்தளம் திறக்கப்பட்ட 2025 ஜூன் 6-ஆம் தேதியிலிருந்து அளிக்கப்பட்ட ஆறு மாத அவகாசம் அந்த ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தோடு முடிந்தது. அதை நீட்டிக்க உச்ச நீதிமன்றமும் டிசம்பர் 1-ஆம் தேதி மறுத்துவிட்டது. கூத்தாநல்லூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் வரும் வாசகர் கடிதங்களில் புல எண், பட்டா, பழைய பத்திரம் முதலிய சந்தேகங்களுக்கு நடுவே வேறொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வருகிறது: வக்ஃபுகளை ஷியா என்றும் சுன்னி என்றும் சட்டம் ஏன் பிரிக்கிறது, நம் பக்கத்தில் அந்தப் பேச்சே கிடையாதே?

நபிகள் நாயகத்துக்குப் பின் தலைமை யாருக்கு உரியது என்பதில் எழுந்த ஆதி அபிப்பிராய பேதத்தையும் அவருடைய பேரர் கொல்லப்பட்ட கர்பலாவின் சோக சரித்திரத்தையும் வாசகர்கள் அறிவார்கள். அறிய வேண்டியது, அந்தப் பேதம் ஓர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிய பின் அதற்கு என்ன நேர்கிறது என்பதே.

1995-ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டம், மாநிலத்திலுள்ள வக்ஃபுகளைக் கணக்கெடுப்பவர் ஷியா வக்ஃபு எத்தனை, சுன்னி வக்ஃபு எத்தனை என்று தனித்தனியே காட்ட வேண்டுமென்று விதித்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனோடு போரா, ஆகாகானி என்ற முஸ்லிம் பிரிவுகளையும் சேர்த்தது. இந்தக் கணக்கின் பிரயோஜனம் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் இருக்கிறது. ஷியா வக்ஃபுகள் எண்ணிக்கையிலோ வருமானத்திலோ மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாநிலத்தில் ஷியாக்களுக்குத் தனி வக்ஃபு வாரியம் அமைக்கலாம். இங்கே எண்ணப்படுவது மனிதர்கள் அல்ல, அவர்களுடைய விசுவாசமும் அல்ல, எண்ணப்படுவது சொத்து. ஒரு தலைவர் பதவியும், உத்தியோகஸ்தர்களும், வக்ஃபு வருமானத்திலிருந்து வாரியத்துக்குச் சேரும் பங்கும், ஒரு கட்டடத்தின் பெயருக்கு எதிரே எழுதப்படும் ஒற்றைச் சொல்லைப் பொறுத்து அமையும்போது, அந்தச் சொல்லுக்காக மனிதர்கள் வழக்காடாமல் இருப்பார்களா?

வழக்காடினார்கள். ஐக்கிய மாகாணத்தின் 1936-ஆம் ஆண்டு முஸ்லிம் வக்ஃபுச் சட்டம் ஷியா வாரியம், சுன்னி வாரியம் என இரண்டை ஏற்படுத்தியது. அதன்படி தயாரிக்கப்பட்ட ஜாபிதாவில், 1944-இல் வெளியான அரசிதழ் அறிவிப்பின் வாயிலாக, அயோத்தி பாபர் மசூதி சுன்னி வக்ஃபாக இடம்பெற்றது. கட்டிய மீர் பாகி ஷியா என்று வாதித்து ஷியா வாரியம் 1945-இல் வழக்குத் தொடுத்தது. 1946 மார்ச் 30-இல் பைசாபாத் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு அதோடு மாண்டுபோகவில்லை. 2017-இல் அதே ஷியா வாரியம் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, மசூதி தன்னுடையதே என்றும், அதை வேறிடத்தில் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்றும் தெரிவித்தது. 1946-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு எதிரான அதன் மனுவை 2019 நவம்பர் 9-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. தேசத்தையே உலுக்கிய விவகாரத்தின் நடுவே, எழுபது ஆண்டுகளுக்கு முன் குமாஸ்தா ஒருவர் எழுதிய ஒரு பத்தி மீண்டும் ஆயுதமாக எடுக்கப்பட்டது என்பது என்னை மிகவும் கலக்குகிறது.

புறக்கணிக்கப்பட்ட ஷியாக்களுக்கும் போராக்களுக்கும் புதிய சட்டம் பிரதிநிதித்துவம் தருகிறது என்று அரசுத் தரப்பு சொல்வதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. போராக்களுக்கும் ஆகாகானிகளுக்கும் பெயர் சொல்லி இடம் ஒதுக்கியது புதிதுதான். ஆனால் ஷியா, சுன்னி மார்க்க அறிஞர் ஒவ்வொருவருக்குப் பழைய சட்டத்திலேயே இடமிருந்தது. மாநில வாரியத்துக்கு, வக்ஃபுகளை நிர்வகிக்கும் முத்தவல்லிகளும் மக்கள் பிரதிநிதிகளும் வாக்களித்துச் சிலரைத் தேர்ந்தெடுத்த முறையை எடுத்துவிட்டு, எல்லோரையும் அரசே நியமிக்கலாம் என்று திருத்தம் மாற்றியிருக்கிறது. சமூகம் தானே அனுப்புகிறவரும், சமூகத்தின் பெயரால் அரசு பொறுக்கி எடுக்கிறவரும் சமமான பிரதிநிதிகள் ஆகமாட்டார்கள்.

நம் காவிரிப் படுகைக்கு ஷியா, சுன்னி என்ற இந்தப் பதிவேட்டுப் பத்திகள் பொருந்துகின்றனவா? கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர் பெரும்பாலும் ஹனஃபி; மார்க்கச் சட்ட மரபு வேறானாலும் இருவரும் சுன்னிகள். தமிழ்நாட்டில் ஷியாக்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசல்தான். ஆயினும் தஞ்சைக்கு அருகிலுள்ள காசவளநாடு புதூரில் முஹர்ரம் வந்தால், அவ்வூர் இந்துக்கள் விரதமிருந்து, 'அல்லா சாமி' என்று தாங்கள் வணங்கும் உள்ளங்கை வடிவமான பஞ்சாவுக்கு மாலை சாத்தி வீதியுலா கொண்டுசென்று, தீமிதித்து வழிபடுகிறார்கள். ஷியாக்கள் உயிரினும் மேலாகப் போற்றும் கர்பலாவின் நினைவுச் சின்னத்தை, ஷியாக்களே இல்லாத ஊரில், வயலில் நாற்று நடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வருகிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் இந்தப் பக்திக்குரிய பத்தி கிடையாது.

இன்னொன்றுக்கும் பத்தி கிடையாது. நம் ஊர்களில் மெய்யாகவே ஜமாஅத்துகளைப் பிளந்து, சில சமயம் காவல் நிலையம் வரையில் போகும் தகராறு தர்கா வழிபாட்டை ஏற்பவர்களுக்கும் அதை மறுக்கும் தவ்ஹீத் அமைப்பினருக்கும் இடையிலானது. மராத்திய மன்னர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி உயர மினார் நிற்கும் நாகூர் தர்காவில் கந்தூரி ஒருவருக்குப் புண்ணியம், மற்றவருக்குப் பாவம்; ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவரும் சுன்னி.

மேற்காசியாவிலும் இதே கதைதானா என்று முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார். பெரிதும் அப்படித்தான். லெபனானில் 1932-க்குப் பிறகு குடிமதிப்பே எடுக்கப்படவில்லை. அந்த 1932 கணக்கை அடியொற்றிய 1943 உடன்படிக்கை வகுத்த வழக்கப்படி பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா. ஈராக்கில் அமெரிக்கர் 2003-இல் அமைத்த 25 பேர் ஆட்சிக் குழுவில் 13 ஷியாக்கள் என்று எண்ணி வைத்தார்கள். அந்தக் கணக்கே பின்னர் கட்சிகளின் பதவிப் பங்கீடாக நீடித்தது.

மற்றக் கடிதங்களின் கேள்விகளுக்குச் சுருக்கமாக: ஈரான், சவூதி பகை மார்க்கப் பகையா? மார்க்கம் மட்டுமே காரணமானால், 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் அவை சமரசம் செய்துகொண்டிருக்க முடியாது.

ஷாஃபி, ஹனஃபிக்குத் தனி வாரியம் உண்டா? இல்லை.

தமிழ்நாட்டில் ஷியா வாரியம் வருமா? ஷியா வக்ஃபுகள் 15 சதவீதத்தைத் தாண்டாதவரை வராது.

தளத்தில் ஏற்றும் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு என்ன வழி இருந்தது? வக்ஃபு தீர்ப்பாயத்தில் காரணம் காட்டி முத்தவல்லி மனுச் செய்ய வேண்டியிருந்தது. தீர்ப்பாயம் திருப்தியடைந்தால் அதிகபட்சம் இன்னும் ஆறு மாதம் தர இடமிருந்தது.