ஐத் பென் ஹத்தூ: திமிசுக்கட்டை எழுப்பிய ஊர்

மொராக்கோவின் மராகேஷ் நகரிலிருந்து அட்லஸ் மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினால், உனிலா ஆற்றங்கரையில் ஒரு குன்றை அப்பிக்கொண்டு செம்மண் வீடுகள். குன்று எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனப் பிடிபடாது. சகாராவிலிருந்து மராகேஷ் போன ஒட்டக வணிகர்களின் பாதையில் இருந்த ஊர் இது. இப்படி மதில் சூழ்ந்த ஊரை அங்கே 'க்ஸார்' என்கிறார்கள்.

ஆற்றைக் கடந்து உள்ளே போனதும் ஒரு சுவரருகே நில்லுங்கள். வரிசையாகச் சின்ன ஓட்டைகள் தெரியும். எதிரியைச் சுடுவதற்கு வைத்தவை போலத் தோன்றும். உண்மையில் சுவர் எழுப்பிய தடம் அது. இரண்டு பலகைகளை எதிரெதிரே நிறுத்தி, குறுக்குக் கட்டைகளால் தாங்கி, நடுவே ஈரமண்ணும் சரளையும் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிப்பார்கள். மண் சொதசொதவென்று இருக்கக்கூடாது. பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம் போதும். இறுகியதும் பலகையைக் கழற்றி அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். கட்டையை உருவிய இடம்தான் ஓட்டை.

அடியில் சுவர் நல்ல தடிமன். மேலே போகப்போக ஒடுங்கும். உச்சியில் பச்சைக்கல், அதாவது சுடாத மண்கல். மூலைக் கோபுரங்களின் கோலங்களெல்லாம் அந்தக் கல்லை அடுக்கிய விதத்திலேயே பிறந்தவை. கூரைக்கு மரம், நாணல், அதன்மேல் மண். பகல் வெயிலை மெல்ல வாங்கி இரவுக் குளிரில் மெல்ல விடும் இந்தச் சுவரைப் பாலைவனத்துக்கென்றே செய்தது போலிருக்கிறது. குன்றின் உச்சியில் ஊருக்கெல்லாம் பொதுவான தானியக் கிடங்கு. அதற்கும் அரண் உண்டு.

1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 'கிளாடியேட்டர்' படத்தில் பார்த்தவர்களும் இருப்பீர்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது இங்குள்ள மண்பூச்சுதான். கட்டும் முறை மிகப் பழையது. நிற்கும் கட்டடங்களோ 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தையவை அல்ல என்று கருதப்படுகிறது. மண் கரையும், மனிதர் திரும்பப் பூசுவார்கள். இதுதான் இந்த ஊரின் ஆயுள் கணக்கு.

இப்போது பூச ஆள் குறைவு. பெரும்பாலோர் அக்கரையில் புது வீடு கட்டிப் போய்விட்டார்கள். சில குடும்பங்களே மிச்சம். ஆளில்லாத வீட்டில் முதலில் கூரை ஒழுகும். பிறகு சுவரின் தலை நனையும். அதன்பின் குட்டிச்சுவராக அதிக நாள் ஆகாது. 2023 செப்டம்பர் நிலநடுக்கமும் சில கட்டடங்களைச் சேதப்படுத்தியது.

சந்துகளில் நடக்கும்போது கவனியுங்கள். புதுப்பூச்சில் வைக்கோல் துணுக்குகள் மண்ணுக்குள் பதிந்து மினுங்கும். பல மழை பார்த்த பூச்சில் மண் கரைந்துபோய், வைக்கோல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளங்கையால் தடவினால் குத்தும்.