பதினெட்டுல வை மாப்ளே!

ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வரும் நம்ம பசங்க, ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாடியே ஒரு காரியம் செய்வார்கள். ஏ.ஸி. ரிமோட்டை எடுத்து, டக் டக்கென்று அழுத்தி, பதினெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்துவது! சீக்கிரம் ஜில்லுனு ஆயிடுமாம்.

ஆகாது ஸார். சாதா ஏ.ஸி.யில் கம்ப்ரஸர் ஒன்று ஓடும், இல்லையென்றால் நிற்கும். பதினெட்டில் வைத்தாலும், இருபத்தாறில் வைத்தாலும் குளிர்கிற வேகம் ஒன்றுதான். எப்போது நிற்கும் என்பதில்தான் வித்தியாசம். இருபத்தாறு வந்ததும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட், 'போதும்ப்பா, உட்காரு' என்று கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பதினெட்டு என்றால்? எங்கள் எடமலைப்பட்டி புதூரின் மே மாத வெக்கையில், அந்த ஜென்மத்துக்கு விடிய விடிய ஓவர்டைம்தான். (இன்வெர்ட்டர் ஏ.ஸி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் பதினெட்டைத் தேடி ஓடினால் பில் ஏறத்தான் செய்யும்.)

இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அமெரிக்க வாத்தியார் வாரன் ஜான்சன். அறை சூடாகிவிட்டதா என்று பார்க்க பள்ளிக்கூட ஊழியர் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவதைப் பார்த்து அலுத்துப்போய், 1883-ல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த ஊரில் அறையைச் சூடாக்கத்தான் அது. பிற்பாடு அதோடு கடிகாரத்தையும் கோர்த்துவிட்டார்கள். ஆள் தூங்கும்போது சூடு தானே இறங்கும், எழுந்திருப்பதற்கு முன் தானே ஏறும்.

நம் ரிமோட்டிலும் அந்த வம்சத்தின் கடைக்குட்டி உண்டு. 'டைமர்', 'ஸ்லீப்' என்று இரண்டு பட்டன். புத்தம் புதுசாக அப்படியே இருக்கும்!

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கு. ஒரு டன் ஏ.ஸி. நிற்காமல் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட். ராத்திரி எட்டு மணி நேரம், அறுபது நாள் - 480 யூனிட். ஃபேன், ஃபிரிட்ஜ், மாவு அரைக்கிறது எல்லாம் தனி! 2022 செப்டம்பரில் வந்த மின் கட்டணத்தில், இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டினால், 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டே 2.25-லிருந்து 4.50 ஆனது. அந்த 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக, ஒரே ஒரு யூனிட்டில் 233 ரூபாய் கோவிந்தா!

டெல்லிக்காரர்களுக்கும் இந்தக் கவலை உண்டு. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் பி.இ.இ. கணக்கு. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை போட்ட ரூம் ஏ.ஸி.கள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்றார்கள். 2025 ஜூனில் மின்துறை அமைச்சர் மனோகர்லால், 20-க்குக் கீழே போகவே முடியாதபடி செய்யும் யோசனையைச் சொன்னார். என் மச்சினன் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டில் பில்லைவிடப் பெரிய பிரச்னை அப்பா. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஏ.ஸி.யை அணைப்பார். "காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய்விடுவார். எழுபது வயசில் அந்த வெக்கையில் புரளுவார். மூன்று மணிக்குக் குழந்தை வியர்த்து அழும். மறுபடி பதினெட்டு!

போன கோடையில் 26-ல் வைத்து, ஃபேனை இரண்டில் சுழலவிட்டு, ஸ்லீப் பட்டனை அழுத்தினேன். எங்கள் மாடலில் அது இரண்டு மணி நேரத்தில் இரண்டு டிகிரி ஏறிக்கொள்ளும். விடிகாலை ஐந்துக்கு டைமர் அணைத்துவிடும். மீட்டர் ரீடிங்கை வாராவாரம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். மூன்றாவது வாரம் பாய் உள்ளே வந்தது.

ரிமோட் மட்டும் இப்போது அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது.