வீட்டின் உறிஞ்சலை வெல்லும் குழாய்

1984 டிசம்பர். பென்சில்வேனியாவின் லிமெரிக் அணுமின் நிலையத்தில் பொறியாளராக இருந்த ஸ்டான்லி வாட்ரஸ் கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அலாரம் அலறியது. நிலையமோ அப்போது மின் உற்பத்தியே தொடங்கவில்லை. உள்ளே நுழையும்போதே அலாரம் அடித்த பிறகுதான், அவர் கதிரியக்கத்தை வீட்டிலிருந்து சுமந்து வருகிறார் என்பது புரிந்தது. வீட்டுக் காற்றில் லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி ரேடான்! 4-ஐ எட்டினாலே சரிசெய்யுங்கள் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது பிறக்கும் வாயு ரேடான். நிறமில்லை, மணமில்லை. அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு ஆல்ஃபா துகள்களை வீசும். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய் மரணங்களுக்கு ரேடான் காரணம் என்பது அந்த முகமையின் மதிப்பீடு.

இதில் வியப்பு, வாயுவை உள்ளே இழுப்பதில் வீட்டுக்கும் பங்கு உண்டு என்பதுதான். குளிர்காலத்தில் சூடான காற்று மேலேறி மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். கீழ்த்தளத்தில் அழுத்தம் சில பாஸ்கல் குறையும். அது போதும், தரை விரிசல்கள் வழியே மண்ணின் காற்று உள்ளே வந்துவிடும். உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிப்பது மாதிரிதான்.

விரிசலை மட்டும் பூசினால் பெரும்பாலும் போதாது. கான்கிரீட்டில் துளையிட்டுக் குழாய் இறக்கி, விசிறியால் தரைக்கடியில் வீட்டைவிட வலுவாக உறிஞ்சி, வாயுவைக் கூரைக்கு மேலே விடவேண்டும். கேட்க எளிது. ஆனால் விசிறியைக் கீழ்த்தளத்திலேயே மாட்டினால், அதற்கு மேலுள்ள குழாயில் எங்காவது கசிந்தாலும் செறிவான ரேடான் வீட்டுக்குள்ளேயே பாயும். உறிஞ்சல் எல்லை மீறி வீட்டுக் காற்றையும் இழுத்தால், எரிபொருளில் இயங்கும் ஹீட்டரின் புகை, கார்பன் மோனாக்சைடோடு திரும்பி வரலாம். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத தவறுகள். பென்சில்வேனியாவில் பிறர் வீட்டில் இந்த வேலை செய்ய மாநிலச் சான்றிதழ் கட்டாயம் என்பது வெறும் அதிகாரச் சடங்கல்ல.

தேர்ந்தவர் முதலில் சிறு துளையிட்டு உறிஞ்சிப் பார்ப்பார். தரையடி அழுத்தம் அறையின் மறுகோடியிலும் குறைகிறதா என்று அளந்தபின்தான் குழாயின் இடத்தை முடிவு செய்வார். குழாயில் வண்ணத் திரவம் நிரம்பிய ‘யு’ வடிவ அழுத்தமானி ஒன்றையும் பொருத்துவார். இரு பக்கமும் திரவம் சமமாக நின்றால் உறிஞ்சல் இல்லை என்று பொருள்.

அந்த அழுத்தமானி காட்டுவது உறிஞ்சலைத்தான், ரேடானை அல்ல. ஆகவே வேலை முடிந்து 24 மணி நேரம் கழித்து, 30 நாளுக்குள் மறுசோதனை செய்யவேண்டும். அதைக் குழாய் போட்டவரிடமே விடாமல் வேறொருவரிடம் கொடுப்பது நல்லது.